வயிற்றில் மறந்த இடுக்கி

இது கேரளாவில் நடந்தது. ஒரு பெண்ணுக்கு மூன்றாவது பிரசவம். 2017 நவம்பரில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். அதன் பிறகு அவருக்கு வயிற்று வலி. மாத்திரை சாப்பிட்டார். பல டாக்டர்களைப் பார்த்தார். வலி போகவில்லை. இப்படியே ஐந்து வருடம் ஓடியது.

2022-ல் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றுக்குள் ஏதோ உலோகச் சாமான் தெரிந்தது. செப்டம்பரில் மறுபடி ஆபரேஷன். வெளியே வந்தது ஓர் இடுக்கி. ரத்தக் குழாயைப் பிடித்து நிறுத்த டாக்டர்கள் வைத்திருப்பது. பார்க்கக் கத்தரிக்கோல் போல இருக்கும்.

அது யார் விட்ட இடுக்கி? இதுதான் பெரிய கேள்வி ஆனது. முதல் இரண்டு பிரசவமும் அவருக்கு ஆபரேஷன்தான். அவை நடந்தது வேறு ஆஸ்பத்திரியில். அந்தப் பெண் விடவில்லை. 2023-ல் ஆஸ்பத்திரி வாசலில் நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்து போராடினார். போலீஸ் விசாரணைக்கு ஒரு பழைய காகிதம் கை கொடுத்தது. 2017 தொடக்கத்தில், வேறு காரணத்துக்காக அவர் எடுத்த ஸ்கேன் அது. அதில் வயிற்றில் உலோகம் எதுவும் இல்லை. அப்படியென்றால் மூன்றாவது ஆபரேஷனில்தான் என்றது போலீஸ். இரண்டு டாக்டர், இரண்டு நர்ஸ் மேல் வழக்குப் போட்டது. மருத்துவக் குழுவோ, உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. அந்த ஒரு காகிதம் இல்லாவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

ஒரு சாமானை எப்படி மறப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஆபரேஷன் நேரத்தில் ரத்தத்தை ஒற்றி எடுக்கத் துணியும் பஞ்சும் உள்ளே வைப்பார்கள். ரத்தத்தில் நனைந்தால் துணி எது, சதை எது என்று தெரியாது. அதனால்தான் எண்ண வேண்டும். தொடங்கும் முன் எத்தனை? தையல் போடும் முன் எத்தனை? இரண்டும் ஒன்றாக வர வேண்டும். ஏலக்காய் மூட்டையை லாரியில் ஏற்றும்போது நாம் எண்ணுகிறோம், இறக்கும்போதும் எண்ணுகிறோம். அதே வேலைதான்.

எண்ணாவிட்டால் உயிரே போகும். 1963-ல் ஔரங்காபாத் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு தாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார்கள். வயிற்றில் ஒரு துணியை விட்டுவிட்டார்கள். சில நாளில் அவர் இறந்தார். அரசுதான் பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 1996-ல். 33 வருடம்!

இடம் மாறிச் செய்வதும் உண்டு. 2024 மே மாதம், அதே கோழிக்கோட்டில், நான்கு வயதுப் பெண் குழந்தை. கையில் ஆறாவது விரல். அதை எடுக்கத்தான் கூட்டிப் போனார்கள். குழந்தை வெளியே வந்தபோது வாயில் பஞ்சு. நாக்கில் ஆபரேஷன் செய்திருந்தார்கள்! பிறகுதான் விரலை எடுத்தார்கள். டாக்டரை அரசு சஸ்பெண்ட் செய்தது.

இதைத் தடுக்க வழி இருக்கிறது. செலவும் இல்லை. 2008-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரே ஒரு தாளைக் கொடுத்தது. மூன்று இடத்தில் நின்று, வாய்விட்டுக் கேட்கச் சொன்னது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளியை வெளியே கொண்டுபோகும் முன். இவர் யார்? என்ன ஆபரேஷன்? எந்தப் பக்கம்? எண்ணிக்கை சரியா? டெல்லி உட்பட எட்டு நகரங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். முன்பு ஆயிரம் பேருக்கு 15 பேர் இறந்தார்கள். பிறகு 8 பேர்தான். பெரிய டாக்டர்கூட ஒரு தாளைப் பார்த்துப் படிப்பதில் வெட்கம் இல்லை. நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

இப்போது நம் பக்கம் வருவோம். உடும்பஞ்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறைத் தோட்டங்களில் இருப்பவர்கள் நெடுங்கண்டத்துக்கும் போகிறோம், போடிமெட்டு இறங்கித் தேனிக்கும் போகிறோம். ஆபரேஷன் என்றால் ஒரு தாளை நீட்டி “ஒப்பு போடு” என்பார்கள். சம்மதபத்ரம் என்று பெயர். அது மலையாளத்திலோ இங்கிலீஷிலோ இருக்கும். முன்பு கைநாட்டு வைத்தோம். இன்று கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போட்டால் அதுவும் கைநாட்டுதான்.

“தமிழில் சொல்லுங்க சிஸ்டர்” என்று கேளுங்கள். என்ன ஆபரேஷன், எதற்கு, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று கேளுங்கள். 2008-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. டெல்லியில் ஒரு பெண், உள்ளே பார்த்துச் சோதிக்க மட்டும் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது, தாயிடம் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். அது தவறு என்றது கோர்ட். உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டிய நிலை என்றால் வேறு விஷயம்.

எல்லாத் தீமைக்கும் டாக்டர்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். நன்றாகச் செய்த ஆபரேஷனிலும் சில சமயம் நோயாளி பிழைப்பதில்லை. பெரிய அலட்சியம் இருந்தால்தான் டாக்டர் மேல் குற்ற வழக்குப் போடலாம் என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் அடிதடி செய்தால் கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

காகிதத்தைச் சேர்த்து வையுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன், பில், மருந்துச் சீட்டு எல்லாம். லயத்தில் மழை ஒழுகும், பிளாஸ்டிக் பையில் கட்டிப் பெட்டியில் வையுங்கள். சிகிச்சைக் குறிப்புகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பது டாக்டர்களுக்கான விதி.

பணம் கட்டிச் சிகிச்சை எடுத்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஆபரேஷன் தேனியில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடுக்கி மாவட்டத்திலேயே கொடுக்கலாம். 2019-ன் புதிய சட்டம் கொடுத்த வசதி இது. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி மேல் இந்த ஆணையத்துக்குப் போக முடியாது. அதற்கு சிவில் கோர்ட் இருக்கிறது, மனித உரிமை ஆணையம் இருக்கிறது.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் சட்ட உதவி இலவசம். போன் நம்பர் 15100.