வன்னி யானையும் வணிக மூலதனமும்

யானைக்கும் மனிதருக்கும் இடையிலான உறவினைப் பக்தி, பரிவு, பகைமை என்னும் உணர்ச்சிச் சொற்களால் விளக்குவது வழக்கமாகிவிட்டது. ஈழத்தைப் பொறுத்தவரை அவ்வுறவு முதன்மையாகப் பொருளாதார அடிப்படையிலேயே உருப்பெற்றது என்பது எமது கருத்தாகும். இடப்பெயர்களே இதற்குச் சான்று பகர்கின்றன. வன்னியிலிருந்து யானைகளைக் குடாநாட்டுக்குக் கடத்திய ஒடுங்கிய நீர்ப்பரப்பு ஆனையிறவு ஆயிற்று. ஊர்காவற்றுறையின் மறுபெயராகிய கயிற்ஸ், துறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழி வந்தது. யானைகள் கப்பலேறிய துறை அது.

1619இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை அகற்றிய ஒல்லாந்தரும் வன்னியரிடமிருந்து திறையை யானைகளாகவே பெற்றனர். கோல்கொண்டா, வங்காளம் ஆகிய இடங்களின் வணிகர் யாழ்ப்பாணத்துக்கு வந்து அவற்றை வாங்கிச் சென்றனர். ஈழத்து யானைகளுட் கொம்பன் மிகச் சில, பெரும்பாலானவை அலியன்களே. எனவே சந்தை வேண்டி நின்றது தந்தத்தையன்று, போருக்கும் அரச பவனிக்கும் உதவும் உயிருள்ள விலங்கையே. கொல்லப்பட்ட யானையால் எவருக்கும் இலாபமில்லை.

இவ்வணிகத்தின் அடித்தளத்தில் நின்றோர் பணிக்கர்கள். வடக்கு, வடகிழக்குப் பகுதிகளின் முஸ்லிம் கிராமங்களைச் சேர்ந்த இவர்கள், யானையின் பின்புறமாக ஓசையின்றி அணுகி, தோலினால் முறுக்கிய கயிற்றைப் பின்னங்காலில் மாட்டி, மறுமுனையை மரத்திற் பிணித்துவிடுவர். கணநேரம் பிசகினால் உயிர் மிஞ்சாது. வன்னியரின் திறையை விரிவாகப் பேசும் நம் வரலாற்று நூல்கள், அத்திறையை ஈட்டிய இவ்வுழைப்பினைப் பேசுவது அரிது!

பிரித்தானியர் காலத்தில் நிலைமை தலைகீழாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் உரிமைப்பத்திரமற்ற காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாக்க, மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. கண்டியரசில் அரசனின் உடைமையாக விளங்கிய யானை, பெருந்தோட்ட மூலதனத்தின் கண்ணில் இடையூறாகத் தென்பட்டது. 1845இல் மறைந்த மேஜர் ரொஜர்ஸ் என்னும் அதிகாரி ஒருவரே 1400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகக் கூறப்படுகின்றது. அரசும் தலைக்குச் சில சிலிங் வெகுமதி வழங்கிற்று. எமர்சன் ரெனன்ற் தரும் கணக்கின்படி, 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைவான காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைகளுக்கு இவ்வெகுமதி கோரப்பட்டது. இதனை வேட்டை விநோதம் என்று மட்டும் கொள்வது மேம்போக்கான நோக்காகும்.

இன்றைய மோதலையும் இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். 2019இல் 400 வரையான யானைகளும் நூற்றுக்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். மாண்ட மனிதருட் பெரும்பாலானோர் சிறு விவசாயிகளும் கூலியாட்களும் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. சேனைப் பயிர்ச்செய்கையில் அறுவடையின்பின் தரிசாக விடப்பட்ட நிலத்தின் புல்லும் பற்றையும் யானைக்கு இரையாயின. ஒரே நிலத்தை இருவரும் வெவ்வேறு பருவங்களிற் பயன்படுத்தினர். நிரந்தரப் பயிர்நிலமும் குடியேற்றத் திட்டங்களும் அச்சுழற்சியை முறித்தன. மின்வேலிகளோ பெரும்பாலும் திணைக்களங்களின் நிர்வாக எல்லையைத் தழுவி அமைந்தன. அவ்வேலிகளின் இருபுறமும் யானைகள் நிற்க, காவற்பரணில் இரவெல்லாம் விழித்திருப்பவன் விவசாயியே.