பெட்டிக்குள்ளே என்ன பிராசஸர்?

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா உப்பளத்தில் முன்பணம் வாங்கி, ஏழாயிரம் ரூபாய்க்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று எடுத்துத் தந்தார். பெட்டியின் மேல் 'ஐ5' ஸ்டிக்கர் பளபளத்தது. ஓட்டிப் பார்த்தால் பார வண்டி தோற்றது!

அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்களாம். முத்து இருந்தால் யோகம், இல்லாவிட்டால் வெறும் ஓடு. நம்மூரில் 1961-உடன் அது நின்றுபோச்சு. பழைய கம்ப்யூட்டர் வியாபாரம் மட்டும் இன்னும் அப்படித்தான்.

விண்டோஸில் 'கம்ப்யூட்டர்' ஐகானை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் பிராசஸர் பெயர் தெரியும். பார்த்தேன். அங்கேயும் ஐ5! ஆனால் டாஸ்க் மேனேஜரில் சி.பி.யூ. கிராப் இரண்டுதான் ஓடியது. டெஸ்க்டாப் ஐ5 என்றால் நாலுக்குக் குறையாதே?

சூட்சுமம் இதுதான். பிராப்பர்ட்டீஸ் பக்கம் அந்தப் பெயரை ரெஜிஸ்ட்ரியிலிருந்து எடுக்கிறது. ஒவ்வொரு பூட்டிலும் அது புதிதாக எழுதப்பட்டாலும், ஸ்டார்ட்-அப்பில் ஒரு குட்டி புரோகிராம் வைத்து மாற்றிவிடலாம். ஸ்டிக்கர் ஒட்டுவதற்கோ அதுகூட வேண்டாம்.

மூடியைக் கழற்றினேன். உப்புக்காற்றில் திருகெல்லாம் துரு. மதர்போர்டில் 'ஜி41' என்று இருந்தது. அது 775 சாக்கெட்டுக்கான சிப்செட். 2009-இல் முதல் ஐ5 வந்ததே 1156 சாக்கெட்டில். ஆக, இந்த போர்டில் ஐ5 உட்காரவே முடியாது!

ஹீட்சிங்கைப் பிடுங்க அவசரப்படாதீர்கள். கழற்றினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவணும். ஆன் செய்ததும் டெலீட் கீயைத் தட்டி (சிலதில் எஃப்2) பயாஸுக்குள் போனாலே போதும். அல்லது பென்டிரைவிலிருந்து லினக்ஸை பூட் செய்து, டெர்மினலில் எல்எஸ்சிபியூ என்று அடியுங்கள். சிப்புக்குள்ளேயே சிபியூஐடி என்றொரு ஆணை உண்டு. கேட்டால் தன் பெயரைத் தானே சொல்லும். பென்டியம் காலத்துச் சிப்புகள் கம்பெனி, குடும்பம், மாடல் எண்ணோடு நிறுத்திக்கொள்ளும். இன்டெல்லில் முழுப்பெயர் சொல்வது பென்டியம் 4-லிருந்து.

என் பெட்டி சொன்ன பெயர்: பென்டியம் டூயல்-கோர் ஈ5300, 2.6 கிகாஹெர்ட்ஸ்.

அப்பாவிடம் சொல்லவே தயங்கினேன். எத்தனை நாள் கூலி! பயாஸ் திரையை போட்டோ எடுத்து, அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் 'எங்களுக்கும் இப்படித்தான் வந்தது தம்பி' என்றார். ஜி41 கணக்கைச் சொன்னதும் பேச்சு குறைந்தது. இரண்டாயிரம் திரும்பி வந்தது.

வெளியே வந்ததும் அப்பா, "ஏலே, மிச்சத்துக்கு இது ஓடுமா?" என்றார். 64-பிட் சிப்தான், லினக்ஸ் போட்டிருக்கிறேன். சி புரோகிராமுக்கு நன்றாகவே ஓடுது.