வீடு கட்டும் தொழிலில் நம் பெண்கள்



ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கோ கோப்பெங்குக்கோ போகும் பேருந்தில் அமர்ந்து வெளியே பாருங்கள். நாம் சிறு பிள்ளையாக இருந்த காலத்தில் நிரை நிரையாகப் பால்மரம் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று தாமான்கள் நிற்கின்றன. அந்த மண்ணில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்கள் நம் தாய்மார்கள். அதே மண்ணில் வீடு எழும்பும்போது அந்த வேலையில் நம் பெண்களுக்கு என்ன பங்கு இருக்கிறது என்பதை இன்று சற்றுச் சிந்திப்போம்.

வீட்டின் அருமை தோட்டத்து மக்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. 1950-களில் தோட்டத் துண்டாடல் வந்தபோது எத்தனை குடும்பங்கள் சட்டி பானையோடு வெளியே வந்தன என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தத் துயரத்திற்கு மருந்தாகத்தான் 1960-இல் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். தொழிலாளர் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1966-இல் ஒரு சட்டம் வந்தது. 1990-இல் அதற்குப் பதிலாக விரிவான புதுச் சட்டம் வந்தது. ஆனால் வீட்டில் குடியிருப்பது ஒன்று. வீட்டைக் கட்டத் தெரிந்திருப்பது வேறொன்று. நாம் முதலாவதைப் பற்றியே பேசி வந்திருக்கிறோம்.

"வீடு கட்டுவது ஆம்பிளை வேலையாச்சே" என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால் தமிழ்நாட்டுக் கட்டட வேலைக்குப் போய்ப் பாருங்கள். தலையில் சும்மாடு வைத்து, சாந்துச் சட்டியையும் செங்கல்லையும் சுமந்து, சாரத்தில் ஏறி இறங்குகிறவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். சித்தாள் என்று பெயர். ஆண்பிள்ளை ஒருவன் அதே இடத்தில் எடுபிடியாகச் சேருகிறான். சில ஆண்டுகளில் யாராவது அவன் கையில் கரணையைக் கொடுத்து, 'இந்த வரியை நீ வைத்துப் பார்' என்கிறார்கள். அவன் கொத்தனார் ஆகிறான். பிறகு மேஸ்திரி ஆகிறான். அந்தப் பெண்ணோ இருபது வயதில் சித்தாள், ஐம்பது வயதிலும் சித்தாள்.

இதற்கு உடல் வலிமை காரணம் என்று சொல்ல முடியாது. சாந்துச் சட்டியைவிடக் கரணை எத்தனையோ மடங்கு இலேசானது. கனமான வேலையைப் பெண்ணுக்கும், இலேசான ஆனால் கூலி அதிகமான வேலையை ஆணுக்கும் வைத்துவிட்டு, 'பெண்ணுக்கு வலு போதாது' என்று சொல்வது நல்ல வேடிக்கை! நமக்கு அண்டையிலேயே இதே கதைதான். 1930-களில் சீனாவின் சம்சுய் வட்டாரத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து, தலையில் சிவப்புத் துணி கட்டி, தோளில் காவடிபோல் மூங்கில் வைத்து மண்ணும் கல்லும் சுமந்த சீனப் பெண்களைப் பலரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். சிங்கப்பூரின் பழைய கட்டடங்கள் பலவற்றில் அவர்கள் உழைப்பு உண்டு. அவர்களும் சுமந்தவர்களே.

கரணையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கேரளத்தில் செய்து பார்த்தார்கள். 1980-களின் இறுதியில் திருச்சூர்ப் பகுதியில் கிராமப் பெண்களுக்குக் கொத்தனார் வேலையை முறையாகப் பழக்கினார்கள். முதலில் கழிப்பறைகள் கட்டினார்கள், பிறகு தண்ணீர்த் தொட்டிகள், பிறகு வீடுகள். பின்னர் தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொண்டு வேலைகளைத் தாங்களே ஏற்று நடத்தவும் முற்பட்டார்கள். 1998-இல் அதே மாநிலத்தில் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பிலும் வீடு கட்டும் குழுக்கள் இருக்கின்றன. தொழில் தெரிந்ததும் கூலி உயர்ந்தது. அதைவிட முக்கியம், சம்பளம் பேசும் இடத்தில் அவர்களும் உட்கார்ந்தார்கள்.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருச்சூர் மாவட்டத்தில் பிறந்த பி.கே. திரேசியா, 1940-களின் தொடக்கத்தில் சென்னை கிண்டிப் பொறியியற் கல்லூரியில் படித்தவர். அக்கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிய முதல் சில ஆண்டுகள் அவை. கட்டடப் பொறியாளராகிப் படிப்படியாக உயர்ந்து, 1971-இல் கேரள மாநிலப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவிலேயே அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர். நமக்கு அவர் கதையில் மிகவும் பிடித்த செய்தி, சாலை போடும் தாரில் ரப்பரைக் கலந்து சோதித்துப் பார்த்தவர் அவர் என்பது. நம் தாய்மார்கள் வெட்டிய பால் எங்கெங்கெல்லாம் போகிறது பாருங்கள்!

சரி, வீடு கட்டும் தொழிலில் தலைமை என்பது எங்கே இருக்கிறது? கல் சுமப்பதிலும் இல்லை, உரக்கச் சத்தம் போடுவதிலும் இல்லை. நம் நாட்டு நடைமுறையைக் கொண்டே விளக்குகிறோம். தாமானில் தரைவீடு ஒன்றை, அது கட்டப்படும் முன்பே வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை ஒரே தடவையில் கொடுப்பதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது 10 விழுக்காடு. அத்திவாரம் முடிந்தால் 10 விழுக்காடு. தூணும் உத்தரமும் அடங்கிய சட்டகம் முடிந்தால் 15 விழுக்காடு. இப்படியே சுவர், கூரை என்று போகும். அத்திவாரம் முடிந்துவிட்டது என்று யார் சொல்வது? அந்த வேலைக்குப் பொறுப்பான கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர் எழுத்தில் சான்று கொடுக்க வேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் பணம் நகரும். வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர், அளவு எடுக்கத் தெரிந்தவர், எவ்வளவு சிமெண்டு, எவ்வளவு கம்பி, எவ்வளவு செலவு என்று கணக்குப் போடத் தெரிந்தவர், பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுகிறவர் ஆகியோரிடந்தான் தலைமை இருக்கிறது. இவற்றில் எதற்கும் மீசை தேவையில்லை. 2018-இல் நாட்டின் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சர் பொறுப்பையே சுரைடா கமாருடின் என்னும் பெண்மணி ஏற்றார். அமைச்சர் நாற்காலி பெண்ணுக்குக் கிடைத்துவிட்டது. கட்டட வேலையிடத்தில் கரணை கிடைப்பதுதான் இன்னும் கடினமாக இருக்கிறது.

நம் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஈப்போவுக்கு அருகில் ஒரு தாமானில் வீடு வாங்கினோம். சாவி வாங்கிய அன்று எல்லாரும் சுவரின் வண்ணத்தையும் சன்னலையும் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தோம். நம் தாயார் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய்க் குளியலறையில் ஊற்றினார். "தண்ணி எங்க ஓடுதுன்னு பாத்தாத்தான் வீடு எப்படின்னு தெரியும்" என்றார். தண்ணீர் சாக்கடைத் துளைக்குப் போகாமல் வாசற்படியை நோக்கி வந்தது! தரையின் வாட்டம் தவறு. முப்பது ஆண்டு பால் வெட்டிய தாயாருக்குப் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்புதான். ஆனால் தினமும் வீட்டைக் கழுவி விட்டவருக்கு, வீட்டில் எது முதலில் பழுதாகும் என்பது தெரிந்திருந்தது. நாமோ படித்தவர்கள், இருந்தும் தவறு செய்தோம். சாவி ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதத்திற்குள் காணப்படும் பழுதுகளை, நாம் எழுத்து மூலம் தெரிவித்த 30 நாளில் வீட்டு மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே உள்ளது. நாம் எழுதிக் கொடுக்காமல் அலுவலகத்தில் வாயால் சொல்லிவிட்டு வந்தோம். 'ஆகட்டும்' என்றார்கள். காலம் கடந்தது. கடைசியில் நம் கைக்காசில் தரையைப் பெயர்த்துப் போட்டோம். தாயாரைப் போன்ற ஒருவர் அந்த வேலையிடத்தில் மேற்பார்வைக்கு இருந்திருந்தால் அந்த வாளித் தண்ணீர், ஓடு பதிக்கும் முன்பே ஊற்றப்பட்டிருக்கும்.

இந்தக் கோபத்தோடுதான் பள்ளியில் ஒரு பாடம் நடத்தினோம். துணி காயப்போடும் கயிறு ஒன்றை எடுத்துப் பன்னிரண்டு சம பங்காக முடிச்சுப் போட்டோம். திடலில் மூன்று மாணவர்களை நிறுத்தி, ஒரு பக்கம் மூன்று பங்கு, அடுத்த பக்கம் நான்கு, மூன்றாவது பக்கம் ஐந்து என்று இழுத்துப் பிடிக்கச் சொன்னோம். மூன்றும் நான்கும் சந்திக்கும் மூலை மிகச் சரியான மூலைமட்டமாக நிற்கும். வீட்டின் மூலையைக் குறிக்க மேஸ்திரிகள் செய்வது இதைத்தான். பெரிய வீடானால் ஆறு, எட்டு, பத்து அடி என்று எடுத்துக்கொள்வார்கள். மூலை பிசகினால் கடைசி ஓடு கோணலாக வெட்டப்பட வேண்டி வரும். அலமாரி சுவரோடு ஒட்டி நிற்காது. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, நம்மைக் கேளாமலே கயிற்றைக் கொண்டுபோய்ச் சைக்கிள் கொட்டகையின் மூலையில் வைத்துப் பார்த்து, "டீச்சர், இது கோணல்" என்றாள். உண்மையிலேயே கோணல்தான். அதுவரை நம் கண்ணில் பட்டதில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு வழி உண்டா? உண்டு. ஈப்போவில் 1969-இல் தொடங்கப்பட்ட உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது. அங்கே கட்டடப் பொறியியல் டிப்ளோமா படிக்கலாம். எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம்; அதோடு கணிதத்தில் நல்ல நிலை வேண்டும். 'பொம்பளைப் பிள்ளைக்குக் கணக்கு வராது' என்று வீட்டில் யாரும் விளையாட்டாகக்கூடச் சொல்ல வேண்டாம். பிள்ளை அதை நம்பிவிடுகிறது. பள்ளிப் படிப்பு நின்றுபோனவர்களுக்கும் வழி அடைபடவில்லை. மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., நிலை நிலையாகப் பெறக்கூடியது. பல ஆண்டு வேலை அனுபவம் உள்ளவர்கள், தாங்கள் செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி அச்சான்றிதழைப் பெறும் முறையும் உண்டு. ஓடு பதிக்கும் கணவருக்குத் துணையாகப் போய்த் தாமே பதிக்கக் கற்றுக்கொண்ட பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். செய்த வேலையைப் படம் எடுத்து வையுங்கள். தேதியை எழுதி வையுங்கள். கட்டட வேலையிடத்துக்குள் நுழைய எவருக்கும் சி.ஐ.டி.பி. பதிவட்டை தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

தடைகள் இல்லையென்று நாம் பொய் சொல்லப் போவதில்லை. கூலி வேலை பெரும்பாலும் அந்நியத் தொழிலாளர் கையில் இருக்கிறது; ஆகவே கல் சுமக்கும் நிலையில் சேர்ந்தால் கூலியும் அதற்கேற்றபடிதான் இருக்கும். பல வேலையிடங்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறைகூடக் கிடையாது. நூற்றுக்கணக்கான வீடுகளுக்குக் கழிப்பறை கட்டும் இடத்தில் இந்த நிலை! தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் பேருந்து வசதியும் குறைவு. ஆனால் தொழிற்சாலையில் இரவு வேலைக்கு நம் பெண்கள் போகத் தொடங்கிய காலத்திலும் இதே தடைகளைத்தான் சொன்னார்கள். வண்டி வந்தது; பெண்கள் போனார்கள்.

சென்ற ஆண்டு இறுதியில், அந்தக் கயிற்றுப் பிள்ளையின் தாய் பள்ளிக்கு வந்தார். மகள் ஏதேதோ சொல்கிறாள், என்ன படிப்பு அது என்று கேட்டார். சொன்னோம். "அதுக்கு மூட்டை தூக்கணுமா டீச்சர்?" என்றார். பட்டறைப் பயிற்சியில் தானே சாந்து குழைத்துக் கல் வைக்க வேண்டியிருக்கும், ஆனால் படிப்பின் பெரும்பகுதி அளப்பதும் வரைவதும் கணக்குப் போடுவதும்தான் என்று விளக்கினோம். சற்று நேரம் யோசித்தார். பிறகு, "பொம்பளைப் புள்ளைங்க தங்கிப் படிக்க எடம் இருக்கா?" என்று கேட்டார்.

விடுதி இருக்கிறது என்றோம்.