கல்லார் ஸ்டேஷனில் ஏன் ஏற முடிவதில்லை?

“மேட்டுப்பாளையம் மண்டியில் வாழைத்தார் இறக்கிவிட்டு, பிள்ளைகளுடன் கல்லார் வரை போனோம். அங்கே ஸ்டேஷன் இருக்கிறது. ஆனால் ஊட்டி ரயிலில் ஏற முடியாது என்கிறார்கள். ஏனுங்க அப்படி?” என்று அன்னூர் பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அன்னூருக்கு ரயில் கிடையாது. நமக்குப் பக்கத்து ஸ்டேஷன்களில் ஒன்று மேட்டுப்பாளையம். கோவையிலிருந்து அங்கே 1873-லேயே தண்டவாளம் வந்துவிட்டது. அதற்கு மேல் மலை. அந்த மலையில் ஏறும் வழியைக் கண்டுபிடித்துப் பாதை போட்டு முடிக்க மேலும் 26 ஆண்டுகள் ஆயின. 1891-ல் வேலை தொடங்கி, 1899-ல் குன்னூர் வரை ரயில் ஓடியது. ஊட்டியை எட்டியது 1908-ல்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லார் சுமார் 8 கிலோமீட்டர். அதுவரை பாதை ஏறக்குறைய சமதளம். கல்லாரைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. செங்குத்தான இடத்தில் பன்னிரண்டரை அடி முன்னே போனால் ஒரு அடி மேலே ஏற வேண்டும். வெறும் இரும்புச் சக்கரம் அங்கே வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். என்ஜினின் பல்சக்கரம் அதில் கவ்விக்கொண்டு ஏறும். என்ஜின் முன்னால் நின்று இழுக்காது. கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளும். இந்தப் பல்பாதை தொடங்கும் வாசல்தான் கல்லார்.

கல்லாருக்கு மேலே அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி என்று வரிசையாக ஸ்டேஷன்கள். நீராவி என்ஜினுக்கு வழியில் தண்ணீர் பிடித்தாக வேண்டும் என்பதால் சில இடங்களில் ரயில் இன்றும் நிற்கிறது. ஆனால் பஸ்ஸும் லாரியும் மலைச்சாலையில் பெருகிய பிறகு, மணிக்குப் பத்துப் பதிமூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும் ரயிலுக்குக் காத்திருக்க உள்ளூர்க்காரருக்கு நேரமில்லை. ஆள் ஏறாத ஸ்டேஷன் எத்தனை நாள் நிற்கும்? கல்லார், அடர்லி, ரன்னிமேடு, காட்டேரி எல்லாம் பயணிகள் நிலையம் என்ற பெயரை இழந்தன. இந்தப் பாதைக்கு 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற மதிப்புக் கிடைத்தது. அதில் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். கல்லார்க்காரருக்கு டிக்கெட் திரும்பி வரவில்லை.

விவசாயிகளுக்குக் கல்லார் வேறொரு விதத்திலும் தெரிந்த ஊர். ரயில் வந்த மறு ஆண்டே, 1900-ல், அங்கே அரசு பழப்பண்ணை தொடங்கியது. மங்குஸ்தான், துரியன், மிளகு, சாதிக்காய், கிராம்பு எல்லாம் அங்கே வளர்ந்தன. நம் மேட்டாங்காட்டில் வராத பயிர்களை அங்கேதான் கண்ணால் பார்க்க முடிந்தது.

ஆனால் ஸ்டேஷன், பண்ணை, நெடுஞ்சாலை மூன்றுமே யானைகள் காட்டிலிருந்து காட்டுக்குப் போகும் வழியில் இருக்கின்றன. பண்ணையை இடம் மாற்றும் பேச்சு நீதிமன்றம் வரை போனது. வேலியோரம் தென்னையையும் வாழையையும் யானைக்குப் பறிகொடுத்த அடிவாரத்து விவசாயிக்கு இது வெறும் செய்தியல்ல. வழியை அடைத்தால் யானை நம் தோட்டத்தைத்தான் வழியாக்கிக்கொள்ளும்.

மழையும் அப்படித்தான். இந்தப் பாதையில் சுமார் 250 பாலங்கள் உண்டு; பெரும்பாலும் ஓடைத் தண்ணீருக்கு வழிவிடத்தான். அப்படியிருந்தும் வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து ரயில் நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது. சரிவில் காடு வைத்திருப்பவர்கள் ஓடையை மூடி வரப்புப் போடும் முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, வாசகரே, கல்லாரில் ஏற முடியாது. மேட்டுப்பாளையத்தில் முன்பதிவு செய்து ஏறுங்கள். பிள்ளைகளைத் தண்டவாளத்தில் நடக்க விடாதீர்கள். யானை நடமாட்டம் உண்டு. ரயில் கல்லாரைத் தாண்டும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். பல்சக்கரம் சட்டத்தைக் கவ்வும்போது சத்தம் மாறும். அந்த இடத்தில்தான் ஸ்டேஷன்.