பிடிப்பும் விரைவும்: மலை மிதிவண்டிக்கு டயர் தேரும் முறை

மிதிவண்டியின் எடையையும் அதன்மேல் அமர்ந்திருப்பவரின் எடையையும் நிலத்தின்மேல் தாங்கி நிற்பவை உள்ளங்கை அளவேயுள்ள இரண்டு ரப்பர்ப் பரப்புகளாகும். மிதித்தலும் திருப்புதலும் நிறுத்துதலும் அவற்றின் வழியாகவே நிகழ்கின்றன. அவை நிலத்தை இறுகப் பற்றினால் வண்டி மெதுவாக உருளும். எளிதில் உருண்டால் பற்றுக் குறையும். தார்ச்சாலையில் செல்வோருக்கு இம்முரண் பெரிதாகத் தோன்றாது. வேரும் பாறையும் சரளையும் நிறைந்த மலைச்சரிவில் இறங்குவோருக்கோ இஃது உடல் நலனையே பணயம் வைக்கும் வினாவாகும். பிடிப்பு, விரைவு என்னும் இரண்டையும் ஒருங்கே பெறுதற்குரிய வழி யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

மலையில் பிறந்த வினா

காற்றடைத்த டயரை ஜான் பாய்ட் டன்லப் 1888இல் மிதிவண்டிக்குக் கொண்டுவந்தார். எனினும், மலைப்பாதைக்கென ஒரு வண்டி உருவாவதற்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் மாவட்டத்து ஃபேர்பாக்ஸ் என்னும் ஊரையொட்டி ஒரு செங்குத்தான மண்பாதை உண்டு. ஏறத்தாழ 2 மைல் தொலைவுக்குள் 1,300 அடி கீழிறங்கும் அப்பாதையில், 1976 அக்டோபர் 21ஆம் நாள் இளைஞர் சிலர் பழைய தடித்த டயர் மிதிவண்டிகளில் போட்டியிட்டு இறங்கினர். பின்சக்கரத்தின் குடத்தினுள் அமைந்த பிரேக், இறங்கி முடிப்பதற்குள் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போகும். ஒவ்வொரு முறையும் புதிய கிரீஸை அடைக்க வேண்டியிருந்தமையால் அப்பாதைக்கு 'ரீபேக்' என்றே பெயர் அமைந்தது. அங்கு ஓடியோருள் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் மலைப்பாதைக்கெனவே தனிச் சட்டம் அமைத்தார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. அன்று தொட்டு இன்றுவரை வண்டியின் உறுப்புகள் பலவும் மாறிவிட்டன; டயர் பற்றிய வினா மட்டும் மாறவில்லை.

பிடிப்புக்கும் தடைக்கும் தாய் ஒன்றே

ரப்பர் நசுங்கும்போது பெற்ற ஆற்றல் முழுவதையும் விரியும்போது திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்துவிடுகிறது. சக்கரம் சுழலச் சுழல டயரின் ஒவ்வொரு பகுதியும் நசுங்கி விரிகின்றது. இவ்வாறு கழியும் ஆற்றலே உருளல் தடையின் முதன்மைக் காரணம். மென்மையான ரப்பர் பாறையின் நுண்ணிய மேடுபள்ளங்களுள் படிந்து நன்கு பற்றும். ஆனால் அதே மென்மையால் மிகுதியான ஆற்றலை விழுங்கும். ஆகவே பிடிப்பைத் தரும் பண்பே தடையையும் தருகின்றது. ஒன்றை முற்றிலும் விலக்கி மற்றொன்றைப் பெறுதல் இயலாது.

இதனையறிந்த தயாரிப்பாளர்கள், ஒரே டயரில் இருவகை ரப்பரை அமைக்கின்றனர். நேராகச் செல்லும்போது நிலத்தைத் தொடும் நடுப்பகுதிக்குக் கடினமானதும், வளைவில் சாயும்போது தொடும் ஓரங்களுக்கு மென்மையானதும் இடம்பெறுகின்றன.

மொட்டுகளின் அமைப்பு

டயரின்மேல் எழுந்து நிற்கும் ரப்பர்க் கட்டிகளை நாம் மொட்டுகள் எனக் குறிப்போம். இறுகிய உலர்மண்ணுக்குக் குட்டையான, நெருங்கிய மொட்டுகள் போதும். அவை விரைவாக உருளும். சேற்றுக்கு உயரமான, இடைவெளி மிக்க மொட்டுகள் வேண்டும். இடைவெளி குறைந்தால் சேறு அப்பிக்கொண்டு டயர் வழவழப்பாகிவிடும். மொட்டின் முன்விளிம்பு சரிவாக இருப்பின் உருளல் எளிதாகும்; பின்விளிம்பு செங்குத்தாக இருப்பின் பிரேக் பிடிக்கும்போது மண்ணைக் கவ்வும். கடையில் டயரைக் கையிலெடுப்போர் இவ்விரு விளிம்புகளையும் விரலால் தடவிப் பார்த்தாலே அதன் இயல்பைப் பெருமளவு உணரலாம்.

முன்னும் பின்னும் ஒன்றல்ல

இரண்டு சக்கரங்களுக்கும் ஒரேவகை டயர் இடவேண்டும் என்பது பலரது எண்ணம். சமநிலை என்பது இரண்டிலும் நடுத்தரமானதைப் பூட்டுவதன்று. எதற்கு எது தேவையோ அதனை அதற்கு அளிப்பதேயாகும்.

பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் ஓட்டுநர் சமாளித்துக்கொள்வார்; முன்சக்கரம் வழுக்கினால் கீழே விழுவதைத் தவிர்த்தல் அரிது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால் நிறுத்தும் பணியின் பெரும்பங்கும் முன்சக்கரத்தையே சாரும். ஆதலின் முன்சக்கரத்திற்கு அகன்ற, மென்மையான, ஓர மொட்டுகள் உயர்ந்த டயரை இடுதல் வேண்டும். மாறாக, இயல்பாக அமர்ந்து மிதிக்கும்போது எடையின் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மேலேயே நிற்கிறது. உருளல் தடையும் அங்கேதான் மிகுதி. எனவே விரைவாக உருளும் டயரைப் பின்னால் இடுவதே ஆதாயம். செங்குத்தான ஈர ஏற்றங்கள் மிகுந்த பாதையாயின், பின்டயருக்கும் ஓரளவு உயர்ந்த மொட்டுகள் வேண்டும். இல்லையேல் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

செலவில்லாத மருந்து

டயர் வாங்கப் பொருள் வேண்டும். காற்றைக் கூட்டவும் குறைக்கவும் பொருள் வேண்டா. இறுக அடித்தால் விரைவு மிகும் என்பது வழவழப்பான தளத்தில் மட்டுமே உண்மை. கரடுமுரடான பாதையில் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். ஓட்டுநரின் எடையையும் சேர்த்து மேலே தூக்குவதில் ஆற்றல் வீணாகும். சற்று இளகிய டயரோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு முன்னேறும். அங்கே பிடிப்பும் விரைவும் பகை நீங்கி ஒன்றுபடுகின்றன.

இன்று வழக்கிலுள்ள 2.2 முதல் 2.4 அங்குல அகலமுடைய ட்யூப் இல்லா டயர்களில், நடுத்தர எடையுள்ள ஒருவர் சதுர அங்குலத்திற்கு 20 முதல் 25 பவுண்டு வரை அழுத்தம் வைப்பது பெருவழக்கு. பின்டயரைவிட முன்டயரில் ஒன்றிரண்டு பவுண்டு குறைவாக இருக்கும். ட்யூப் உள்ள டயருக்கு இதனினும் மிகுதி தேவை. அளவுக்கு மீறிக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் இடையில் ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரு துளைகள் விழும். வளைவில் டயர் நெளிந்து வண்டி தள்ளாடும்.

மூன்றாவது தேவை

பிடிப்பும் விரைவும் மட்டும் கருதி, உறுதியை மறத்தல் பிழை. மெல்லிய உடலுடைய டயர் இலேசானது, விரைவானது. ஆனால் கூரிய கல்லுக்கு எளிதில் கிழியும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், எலான்கூர் குன்றின் சரளைப்பாதையில் இங்கிலாந்து வீரர் டாம் பிட்காக்கின் முன்டயர் காற்றிழந்தது. சக்கரத்தை மாற்றி அரை நிமிடத்திற்கும் மேலாகப் பின்தங்கிய அவர், விடாது முயன்று தங்கம் வென்றார். அதே குன்றில் பெண்கள் போட்டியில் இரண்டாவதாகச் சென்றுகொண்டிருந்த நெதர்லாந்தின் பக் பீட்டர்ஸே, டயர் காற்றிழந்ததனால் பின்தங்கி நான்காம் இடத்தையே பெற்றார். உலகின் முன்னணி வீரர்களுக்கும் ஒரு கல் போதுமானதாக இருந்தது.

நம் மாணவர்க்கு ஒரு சொல்

நம் மாணவர் பலர் இன்று தடித்த மொட்டு டயர் பூட்டிய மலை மிதிவண்டிகளில் தார்ச்சாலை வழியே கல்லூரிக்கு வருகின்றனர். தாரின்மேல் மொட்டுகளின் நுனி மட்டுமே படும். அவை வளைந்து நெளிவதால் உழைப்பு வீணாகும். வளைவிலும் பிடிப்புக் குறையும். தோற்றத்திற்காக அவற்றை ஏற்பதைவிட, நடுப்பகுதி வழவழப்பான டயரை இட்டு, அதன் பக்கச்சுவரில் அச்சிட்டுள்ள எல்லைக்குள் காற்றை நிரப்புதலே அறிவுடைமை.

செல்லும் நிலத்தை முதலில் அறிக. முன்சக்கரத்திற்குப் பிடிப்பையும் பின்சக்கரத்திற்கு விரைவையும் அளிக்க. புறப்படுமுன் காற்றை அளந்து பார்க்க. இம்மூன்றையும் கைக்கொள்வோர்க்குப் பிடிப்பும் விரைவும் ஒருசேர வாய்க்கும். அவற்றுள் ஒன்றையே தேர்ந்தாக வேண்டிய நிலை நேருமாயின் பிடிப்பைத் தேர்க. சற்றுத் தாமதமாகவேனும் முழு உடலோடு வீடு திரும்புதலே எப்பயணத்திற்கும் முதல் வெற்றியாகும்.