கணினியுள் எழும் திண்டுக்கல்

விளையாட்டுக்கெனக் கணினியில் மலையும் வெளியும் சமைப்போர் முதற்கண் நாடுவது உயர அட்டவணையே. நிலத்தைச் சிறு கட்டங்களாக வகுத்து, கட்டத்திற்கு ஓர் உயரம் குறிப்பின், அவ்வெண்கள் மேடும் பள்ளமுமாய் விரியும். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ராடார் கொண்டு உலகின் பெரும்பகுதியை இவ்வாறு அளந்தது. அதன் கட்டம் ஏறத்தாழ 30 மீட்டர் அகலமுடையது. சிறுமலைக்கு இது சாலும். நாம் நாடோறும் காணும் திண்டுக்கற் பாறைக்கோ சாலாது; செங்குத்தாய் எழும் அதன் விலாப்புறம், சரிந்த வைக்கோற்போர் போல் மழுங்கிவிடும். திண்டு போன்ற கல் என ஊர்ப்பெயருக்குப் பொருள் கூறுவார்க்கு அவ்வடிவம் உவப்பாகலாம். ஏறிப் பார்த்தார்க்கு அன்று.

கற்பனை நிலத்துக்குக் கென் பெர்லின் என்பார் 1985இல் வெளியிட்ட கணித முறை உதவும். தாறுமாறான எண்களை ஒன்றோடொன்று இழையப் பரப்பி, பேரலைமேல் சிற்றலை ஏற்றினாற்போல் அடுக்குவர். குன்றுகள் எழும், ஆயினும் எங்கும் ஒரே சாயல். சமவெளியில் தனித்து நிற்கும் பாறை அவ்வழி தோன்றுதல் அரிது. என்னை? நம் பாறை புதிதாய் மேலெழுந்ததன்று. சூழ்ந்த நிலம் நெடுங்காலம் சிதைந்து கரைய, வலிய கல் எஞ்சி நின்றது. ஆதலின் வல்லோர் கணினியுள் மழையும் பெய்வித்து, மென்மண்ணை அரித்திறக்கி, வன்கல்லை விட்டுவைப்பர். அந்நிலத்தில்தான் ஓடைகள் தாழ்விடம் தேடி ஓடும். கோட்டை கட்டத்தக்க குன்றும் வாய்க்கும்.