அடைபட்ட நாளம் என்றொரு கொள்கை

தாணே நிலையத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒதுக்கிய லோக்கல் பெட்டியில் ஏறும் எம்.எஸ். நோயாளியைப் பார்த்து, "நன்றாகத்தானே இருக்கிறீர்கள், இங்கே எதற்கு ஏறினீர்கள்?" என்று எவரேனும் கேட்டால் அதில் ஆச்சரியமில்லை, ஏனெனில், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் இவ்வியாதி, மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே சிதைப்பதால் விளைவது, கண் மங்கல், கால் மரப்பு, சொல்லி மாளாத அயர்ச்சி என்று தோன்றி, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தணிந்து, வேறொரு நாள் திரும்பவும் வருவது. உஷ்ணம் ஏறினால் உபத்திரவம் கூடுமாதலால், மும்பையின் அக்டோபர் வெயில் இவர்களுக்குத் தனிக் கொடுமை. ஐரோப்பியரின் நோய் என்று கருதப்பட்டு வந்த இது நம் நகரத்துப் பார்ஸிகளிடையே கணிசமாக உண்டென்று டாக்டர் நோஷீர் வாடியாவும் சகாவும் 1990இல் எழுதினார்கள். இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கமும் 1985இல் இங்கேதான் பிறந்தது.

இத்தாலியில் ஃபெராரா சர்வகலாசாலையைச் சேர்ந்த பாவ்லோ ஜம்போனி என்ற ரத்தநாள நிபுணர், தம் மனைவிக்கே இந்நோய் கண்டதனால் அதன் மூலத்தை ஆராயப் புகுந்து, 2009இல் ஒரு புதுக் கொள்கையை வெளியிட்டார். மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் கழுத்து நாளங்களும், மார்பில் முதுகெலும்பை ஒட்டி ஓடும் அஸைகஸ் நாளமும் குறுகியிருப்பதால், ரத்தம் தேங்கிப் பின்னோக்கிச் சென்று, இரும்புச் சத்தைப் படியவிட்டு, மூளையைப் புண்ணாக்குகிறது என்பது அவர் வாதம். மழைக்காலத்தில் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் சாக்கடை வாங்காமல் தெருவில் நீர் ஏறுவதைக் கண்டவர்களுக்கு இது நொடியில் விளங்கும்; அந்த எளிமையே அதன் வசீகரம், அதுவே அதன் அபாயமும்கூட. வெறும் கற்பனை என்று தள்ளவும் முடியாது: நோயின் தழும்புகள் சிறு நாளங்களைச் சுற்றியே அமைகின்றன என்பதை ரிண்ட்ஃபிளைஷ் 1863லேயே கண்டிருக்கிறார்.

டாப்ளர் ஸ்கானில் ஐந்து லட்சணங்களுள் இரண்டு தென்பட்டால் நாளக் கோளாறு உறுதி என்றார் ஜம்போனி. 65 நோயாளிகளிடமும் அது இருந்தது, 235 பிறரில் ஒருவரிடமும் இல்லை என்றும் எழுதினார். வைத்தியத்தில் இத்தனை சுத்தமான கணக்கு கிடைப்பது அபூர்வம்; கிடைத்தால் சந்தேகிப்பதே நலம். கழுத்து நாளம் மெல்லிய சுவருடையது: பரிசோதிப்பவர் கருவியைச் சற்று அழுத்தினாலும் தட்டையாகிவிடும், உட்கார்ந்தால் இயல்பாகவே சுருங்கும், தண்ணீர் குடித்திருந்தால் ஒருவிதமாகவும் குடியாதிருந்தால் வேறுவிதமாகவும் தெரியும். கனடாவின் டிராபௌல்ஸீ குழுவினர் நாளத்துக்குள்ளேயே சாயம் செலுத்திப் படமெடுத்து 2013இல் வெளியிட்டபோது, பாதிக்குமேல் குறுகிய நாளம் நோயாளிகளில் 74 சதவீதத்தினருக்கும், அவர்களுடைய உடன்பிறந்தாரில் 66 சதவீதத்தினருக்கும், உறவற்ற ஆரோக்கியசாலிகளில் 70 சதவீதத்தினருக்கும் இருந்தது. குறுகல் மனித சுபாவம், நோயின் அடையாளமன்று.

ஆனால் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கையில் நோயாளி காத்திருப்பாரா? குறுகிய நாளத்தைச் சிறு பலூனால் விரிக்கும் ஜம்போனியின் முறையை 2009 நவம்பரில் கனடியத் தொலைக்காட்சி 'விடுதலைச் சிகிச்சை' என்று வர்ணித்த பின், உள்நாட்டில் மறுக்கப்பட்டவர்கள் போலந்து, கோஸ்டாரிக்கா, மெக்ஸிகோ முதலிய தேசங்களுக்கும், நம் இந்தியாவுக்குமே சொந்தப் பணத்தில் பிரயாணப்பட்டார்கள். நாளத்தை விரித்து அனுப்பும் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு அது நல்ல வியாபாரம். ஸ்டான்ஃபோர்டில் ஒருவருக்குப் பொருத்திய ஸ்டென்ட் நழுவி இருதயத்துக்குச் சென்றது. கோஸ்டாரிக்காவில் சிகிச்சை பெற்ற கனடியர் ஒருவர் 2010இல் ரத்தக்கட்டின் விளைவாக இறந்தார். 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விடுத்தது. அலைந்தவர்களை ஏமாளிகள் என்று நான் சொல்லமாட்டேன். தானே தணியும் நோயில், தணியும் தறுவாயில் எதைச் செய்தாலும் அது பலித்ததாகவே தோன்றும்.

அந்தத் தோற்றத்தை உடைக்க ஒரே வழி, சிலருக்குப் பொய்ச் சிகிச்சை செய்வது. தொடைமடிப்பின் நாளத்தில் குழாயைச் செருகிக் கழுத்துவரை கொண்டுபோவது எல்லாருக்கும் பொது. பலூனை விரிப்பது மட்டும் ஒரு சாராருக்கு. யாருக்கு எது நடந்ததென்று நோயாளிக்கும் தெரியாது, பிறகு அவரைப் பரீட்சிக்கும் வைத்தியருக்கும் தெரியாது. கனடாவில் 104 பேரிடம் இவ்வாறு நடந்த சோதனையில், ஏறக்குறைய ஓராண்டு கழித்தும் இரு சாராருக்குள் வித்தியாசமில்லை என்று 2017 மார்ச்சில் அறிவித்தார்கள். அவ்வாண்டே ஜம்போனி தாமே தலைமை தாங்கி 115 பேரிடம் நடத்திய இத்தாலியச் சோதனையும் அதே முடிவைத் தந்தது. தம் கொள்கைக்கு எதிரான அத்தீர்ப்பை அவர் மறைக்கவில்லை; இச்சிகிச்சையைச் சிபாரிசு செய்வதற்கில்லை என்று தம் பெயரிலேயே எழுதினார். விவாதம் முழுவதிலும் என் மரியாதைக்கு மிக உரியது அந்தக் கட்டுரைதான்.

நாளத்தை விரிக்கும் வழி பொய்த்தாலும், நோயெதிர்ப்பை அடக்கும் வழி முன்னேறியது: கனடிய முடிவு வெளியான அதே மார்ச்சில், நோயெதிர்ப்பு மண்டலத்தின் பி-செல்களை ஒடுக்கும் ஓக்ரெலிசுமாப் என்ற மருந்தை இந்நோய்க்குப் பயன்படுத்த அமெரிக்கா அனுமதி அளித்தது. அதே வழியில் வேலை செய்யும் ரிட்டுக்ஸிமாப், முதலில் புற்றுநோய்க்கு வந்த பழைய மருந்து, விலை குறைவாதலால் நம் நாட்டு நரம்பியல் நிபுணர்களிடையே இன்று பரவலாக வழங்குகிறது.